சம்பந்தியும் ஆறின கஞ்சியும்

என் சம்பந்தி ஏகாம்பரம் காலமாகிவிட்டார் என்று மகள் செல்வி போனில் அழுதபோது நான் மீனுக்குத் தீனி பிசைந்துகொண்டிருந்தேன். போட்டது போட்டபடி உத்திரமேரூர் பஸ் ஏறினேன். சாவு வீட்டு வாசலில் ஒருவர், "இன்னாங்க, தலையெல்லாம் தவுடு?" என்று கேட்ட பிறகுதான் துண்டால் தட்டிக்கொண்டேன். சம்பந்தி இருந்திருந்தால் முதல் சிரிப்பு அவருடையதாக இருந்திருக்கும்.

சாலவாக்கம் பக்கம் நாங்கள் இருவரும் கூட்டாகக் குட்டை வெட்டி, கட்லா, ரோகு மீன்குஞ்சுகளை விட்டோம். பெண் கொடுத்த வீட்டாரோடு கூட்டு வேண்டாம் என்று பலர் சொன்னார்கள். நான் கேட்டால்தானே?

முதல் மழைக்காலத்தில் மீன்கள் தீனி எடுக்காமல் சோர்ந்தன. மீன் வளர்ப்புப் பயிற்சிக்குப் போன ஏகாம்பரம் ஒரு பொடியோடு திரும்பினார். "இதுல நல்ல கிருமி கீது சம்பந்தி. தீனில கலந்து போட்டா மீனு வயிறு பலப்படும். நாம மோர் குடிக்கிறாப்போலதான்" என்றார். எட்டாவதோடு நின்ற எனக்குக் கிருமி என்ற சொல் மட்டும்தான் காதில் தங்கியது. பொடியைக் கஞ்சியில் போட்டு, நன்றாகக் கொதிக்கவிட்டு, பிறகு தவிட்டில் பிசைந்தேன். கிருமியை ஒழித்துவிட்டேன் என்ற பெருமை வேறு.

செத்த மீன்கள் கரை ஒதுங்கின. பார்க்க வந்த ஏகாம்பரம் அடுப்பில் கொதித்த அண்டாவைக் கண்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இத்தன நாளும் இப்டித்தான் பண்ணிக்கினு இருந்தீங்களா? கொதிக்கிற பால்ல யாராச்சும் உறை ஊத்துவாங்களா சம்பந்தி?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மனைவிக்கு வாய் கொஞ்சம் நீளம். 'உங்கப்பன் கை வெச்சது வெளங்குமா' என்ற பேச்சை இனி தினமும் என் பெண்ணல்லவா கேட்க வேண்டும்?

அடுத்த வாரம் வந்த செல்வி, "பாவம்ப்பா மாமா. பொடிய வெயில்ல வெச்சி கெடுத்துட்டாராம். வூட்டுல அத்தை போட்டுத் தாளிக்கிறாங்க. நீயும் ஒண்ணும் கேட்டுடாத" என்றாள்.

"சரி போவுது, வேணும்னா பண்ணாரு?" என்று நான் பெருந்தன்மையோடு அவரை மன்னித்தேன்.

மறு பருவத்தில் அவரே என் பக்கத்தில் நின்றார். கஞ்சியில் விரல் விட்டுப் பார்த்து, "இப்போ கலக்குங்க" என்பார். மீன் தேறியது. நான் பொடியைப் புகழ ஆரம்பித்தால், "பொடி மட்டும் இன்னா பண்ணும்? தண்ணி நல்லா இருக்கணும், தீனி அளவா போடணும்" என்று அடக்குவார். வெயிலில் வைத்த கதையை மட்டும் கடைசிவரை மாற்றவே இல்லை. வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டே இருந்தார்.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். "பொடிய வெயில்ல வெச்சியே, என் மறதிக்கார மனுசா" என்று அதையும் சொல்லி அவர் மனைவி அழுதார். செல்வி அவரைத் தோளோடு அணைத்திருந்தாள். அரிசி அள்ளிய என் கையில் தீனியின் புளித்த வாசம் போகவில்லை. கஞ்சி ஆறிற்றா என்று இனி நானே விரல் விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குனிந்து, "போய் வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

என் பெண் காதில் ஒரு சொல் விழாமல் பார்த்துக்கொண்டீர்களே சம்பந்தி என்பதை அவர் மனைவி பக்கத்தில் இருக்கும்போது சொல்ல முடியுமா?