தர்ஷினியின் விருந்தில் யார் எதைச் சாப்பிடமாட்டார்கள்

ஓடர் எடுத்துச் சமைத்துக் கொடுக்கும் தொழிலில் அடுப்பைவிட அதிகமாகச் சுடுவது தொலைபேசிதான். "எல்லாரும் எல்லாம் சாப்பிடுவாங்க, ஒரு பிரச்சினையும் இல்ல" என்று வாடிக்கையாளர் சொல்லும்போதே எனக்குக் கலக்கம் தொடங்கிவிடும். சொந்த வீட்டு விசேஷத்துக்கு ஒருமுறையாவது சாப்பாட்டுப் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர்களுக்கு இந்தக் கலக்கம் தெரிந்திருக்கும். அவர்களை நான் என் உறவுக்காரர்களாகவே நினைக்கிறேன்.

கண்டிக்குப் பக்கத்தில், பிலிமத்தலாவையில் எங்கள் வீட்டின் பின்பக்கத்துச் சமையலறைதான் என் தொழிற்சாலை. நான் முஸ்லிம். என்னோடு சமைக்கும் சந்திரா அக்கா சிங்களவர். வேன் ஓட்டுவது என் கணவர். போன வருடம் நாங்கள் மூவரும் செய்த ஒரே ஒரு விருந்தைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். அந்த ஒன்றுக்குள்ளேயே எல்லாம் நடந்துவிட்டது.

நேர்ந்துவிட்ட ஆடு

செல்வராஜ் எங்கள் ஊர் ஹார்ட்வெயார் கடை ஒன்றில் வேலை செய்கிறார். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர். மகள் தர்ஷினி பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெறப்போகிறாள், விருந்து வைக்க வேண்டும் என்று சொல்ல வந்தவர், எங்கள் வீட்டுக் கதிரையின் நுனியில் உட்கார்ந்துகொண்டு மட்டன் கறியிலிருந்து பேச்சைத் தொடங்கினார். மனைவியின் அண்ணன் மாரிமுத்து, தர்ஷினி கம்பஸுக்குத் தெரிவானபோதே அவள் படிப்பை முடித்தால் ஒரு ஆடு தருவதாக முனியாண்டி சாமிக்கு நேர்ந்திருக்கிறார். ஆட்டைக் குட்டியிலிருந்து வளர்த்தவரும் அவர்தான். அதைத்தான் விருந்தில் சமைக்க வேண்டுமாம்.

எனக்குச் சொல்லவும் சங்கடம், சொல்லாமலிருக்கவும் வழியில்லை. சாமிக்கு நேர்ந்த இறைச்சியை என் சட்டியில் சமைக்க முடியாது என்றேன். முஸ்லிம் விருந்தாளிகள் இருந்தால் அவர்களாலும் சாப்பிட முடியாது. அவர் முகம் சுருங்கிவிட்டது. தர்ஷினியோடு ஒரே அறையில் தங்கிப் படித்த ஸஹ்ராவும் அவளுடைய வீட்டாரும்தான் விருந்தின் முதல் ஆட்களாம். செல்வராஜ் சொன்னார்:

"ஆட்டைச் சமைக்கலேன்னா மச்சான் வரமாட்டாரு அக்கா. சமைச்சா மகளோட கூட்டாளி சாப்பிட மாட்டா. நான் யாரு மூஞ்சியில முழிக்கிறது?"

மாரிமுத்து மாமாவின் தீர்ப்பு

இந்த மாதிரிச் சிக்கலைத் தொலைபேசியில் பேசினால் இன்னும் சிக்கலாகும். அந்த ஞாயிற்றுக்கிழமை செல்வராஜோடும் தர்ஷினியோடும் நானும் ஹந்தானைக்கு ஏறினேன். லயத்து வாசலில் அந்த ஆடு பலா இலையை மென்றுகொண்டு, எங்களையெல்லாம் அற்பமாகப் பார்த்தது. மாரிமுத்து வரவேற்றுத் தேத்தண்ணி கொடுத்தார். நான் வந்த காரணம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "வேண்டுதல மாத்த முடியாதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மலைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

தர்ஷினிதான் பேசினாள். இரண்டாம் வருடம் டெங்குக் காய்ச்சலில் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, விடுதியிலிருந்து கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு தினமும் வந்தவள் ஸஹ்ரா. வீட்டார் பயப்படுவார்கள் என்று அந்தக் காய்ச்சலைப் பற்றி வீட்டில் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. "அவ சாப்பிட முடியாத விருந்து எனக்கு வேணாம் மாமா" என்றாள். செல்வராஜ் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் விஷயம் அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

மாரிமுத்து எழுந்து போய் ஆட்டின் கயிற்றை அவிழ்த்து நிழலில் கட்டினார். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருந்தது. நான் சாமியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவரே வழியைக் கண்டுபிடித்துவிட்டார்.

"நேர்ந்தது சாமிக்குத்தானே, கம்பஸுக்கு இல்லையே? திருவிழாவுல கோயில்லயே வெட்டி நாங்க சாப்பிட்டுக்கிறோம். அந்தப் புள்ளைக்கு எது பிடிக்கும்னு கேட்டு அதைச் செய்யுங்கம்மா."

பெரியம்மாவும் வட்டிலப்பமும்

ஆடு விலகியதும் மற்றதெல்லாம் சுலபம் என்று நினைத்தேன். நினைத்திருக்கக் கூடாது. செல்வராஜின் அண்ணி, தர்ஷினிக்குப் பெரியம்மா, சுத்த சைவம். அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, இனிப்புக்கு வேறெதுவும் வேண்டாம், வட்டிலப்பம் போதும் என்றார். பெருநாளுக்குப் பெருநாள் பக்கத்து முஸ்லிம் வீட்டிலிருந்து வரும் வட்டிலப்பத்துக்காக அவர் காத்திருப்பாராம். தேங்காய்ப்பாலும் கித்துள் கருப்பட்டியும்தான் சேர்க்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அதில் முட்டை நிறையச் சேரும் என்பதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவர் சந்தோஷமாகச் சாப்பிட்டிருப்பார், நானும் தப்பியிருப்பேன். ஆனால் சைவம் என்று தெரிந்த பிறகு மறைத்துப் பரிமாற என் மனம் இடம் தரவில்லை. சொன்னேன். அவருக்காக ஜவ்வரிசிப் பாயாசம் செய்வதாகச் சமாதானம் சொன்னேன். மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"இத்தன வருஷம் தெரியாம சாப்பிட்டதை சாமி மன்னிக்கும். இப்ப சொல்லிட்டியே, இனி எப்படிம்மா தெரியாத மாதிரி சாப்பிடுறது?"

மாசி

மண்டபம் போயா தினத்தில்தான், பௌத்தர்கள் அனுசரிக்கும் பௌர்ணமி நாளில்தான், கிடைத்தது. அன்று இறைச்சிக் கடைகள் பூட்டியிருக்கும் என்பதால் கோழியை முந்திய நாளே வாங்கி வைத்தோம். தர்ஷினியின் சிங்களக் கூட்டாளிகள் சிலர் போயாவன்று மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடுவதில்லை. ஆகவே சைவ மேசை நாங்கள் நினைத்ததைவிட நீளமானது. சைவச் சட்டிகளுக்குப் பச்சைத் துணி, மச்சச் சட்டிகளுக்குச் சிவப்புத் துணி என்று கட்டி, அகப்பைகளையும் பிரித்து வைத்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது.

காலையில் பச்சைத் துணி கட்டிய சட்டியிலிருந்து, வெங்காயத்தை இனிப்பும் காரமுமாக வதக்கிச் செய்யும் சீனிச் சம்பல் வாசம் வந்தது. அது வழக்கத்தைவிட நன்றாக இருந்தது. அப்படி நன்றாக இருந்ததுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. ஓடிப்போய் ஒரு துளி நாக்கில் வைத்தேன். மாசிக் கருவாடு! சந்திரா அக்காவின் கை தன் பழக்கத்தில் இடித்துப் போட்டிருந்தது. நல்லவேளை, வேனில் இன்னும் எதையும் ஏற்றவில்லை. அந்தச் சட்டிக்குச் சிவப்புத் துணி மாற்றிவிட்டு, இருவரும் கண்ணீர் வழிய வழிய மறுபடி வெங்காயம் வெட்டினோம். என்னை நங்கி, அதாவது தங்கை, என்று கூப்பிடும் சந்திரா அக்காவுக்கு மட்டும் கடைசிவரை நியாயம் விளங்கவில்லை.

"நங்கி, மீன் போட்டா மச்சம். நான் மீன் போட இல்லையே, மாசிதானே போட்டது!"

கஜு தூவிய கை

தர்ஷினியின் வகுப்புத் தோழன் கபிலன் யாழ்ப்பாணத்துப் பையன். விருந்துக்கு முந்தைய வாரம் அவனுடைய தாயார் எனக்குப் பேசினார். "தங்கச்சி, அவனுக்குக் கஜு ஒத்துவராது. ஒருக்கா தொண்டை வீங்கி, மூச்சு எடுக்க ஏலாமல் ஆஸ்பத்திரியில கிடந்தவன்." மஞ்சள் சோற்றின் மேல் பொரித்த கஜு, அதாவது முந்திரிப் பருப்பு, இல்லாவிட்டால் எங்கள் ஊரில் அது விருந்தே இல்லை. ஆனாலும் இந்த விருந்துக்கு என் சமையலறைக்குள் ஒரு பருப்புக்கூட வரக் கூடாது என்று முடிவு செய்தேன். வட்டிலப்பத்திலும் போடவில்லை.

மண்டபத்தில் ஆட்கள் தட்டோடு வரிசையில் நிற்கத் தொடங்கியிருந்தார்கள். கறிச் சட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நிமிர்ந்தால், செல்வராஜின் முதலாளி சோற்றுத் தட்டின் முன் நிற்கிறார். கையில் ஒரு டப்பா. விருந்து வெறுமையாகத் தெரிகிறதே என்று, நல்ல மனதோடு, தன் வீட்டில் பொரித்து எடுத்துவந்த கஜுவை வாரி வாரித் தூவிக்கொண்டிருந்தார். மேசையின் மறுமுனையில் கபிலன், தட்டில் அந்தச் சோற்றோடு, பேச்சு சுவாரசியத்தில் குழைத்துக் கையில் எடுத்துவிட்டான்.

"சாப்பிடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் மண்டபமே நின்றுவிட்டது. கவளம் அவன் வாய்க்கு அருகே அந்தரத்தில் நின்றது. ஓடிப்போய்த் தட்டைப் பிடுங்கினேன். கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொன்னேன். அவன் பையில் ஊசி மருந்து இருக்கிறதா என்று தர்ஷினி பார்த்து எடுத்து வைத்தாள். முதலாளி டப்பாவை மூடவும் தெரியாமல் கீழே வைக்கவும் தெரியாமல் நின்றார். "எனக்குத் தெரியாதும்மா, எனக்குத் தெரியாது" என்றவரைச் செல்வராஜ் கதிரையில் உட்கார வைத்தார். அவர் மேல் என்ன குற்றம்? மேசைக்கு ஒரு ஆளைக் காவல் வைக்காதது நான்தான்.

தூவிய சோற்றை அகற்றி, மேசையைத் துடைத்து, வேனிலிருந்து திறக்காத சட்டியை இறக்கினோம். புதுத் தட்டு, புது அகப்பை. கபிலன் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் எதிரே நின்று அவன் உதட்டையும் கழுத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை, இருமல் இல்லை. அவன் எழுந்து போய் இரண்டாம் முறை கோழிக்கறி போட்டுக்கொண்டு வந்தபோதுதான் எனக்கு மூச்சு இறங்கியது. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"நான் நல்லா இருக்கிறன் அக்கா. நீங்கள்தான் கதிரையில இருந்து கொஞ்சம் தண்ணி குடியுங்கோ."

ராஜத்தின் தட்டு

எல்லோரும் சாப்பிட்டாயிற்று. ஸஹ்ராவின் வாப்பாவும் மாரிமுத்து மாமாவும் ஒரே மேசையில், மிளகு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வட்டிலப்பம் சாப்பிட்டதை நானே பார்த்தேன். பெரியம்மா அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாயாசம் குடித்தார்.

தர்ஷினியின் அம்மா ராஜம் மட்டும் எங்கும் தென்படவில்லை. இன்றைக்கும் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறவர். தேடினால் பின்பக்கக் குழாயடியில், பட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு எங்கள் சட்டிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். படித்தவர்கள் நடுவே உட்காரக் கூச்சமாம். அவர் கையிலிருந்து சட்டியை வாங்கி வைத்துவிட்டுத் தர்ஷினியைக் கூப்பிட்டேன். அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் மண்டபத்தின் நடு மேசையில் உட்கார வைத்தாள். ஒரு பக்கம் ஸஹ்ரா, மறுபக்கம் கபிலன். தர்ஷினி உட்காரவில்லை. பட்டமளிப்பு மேலங்கியோடு நின்று பரிமாறினாள். நான் தள்ளி நின்று, இந்த ஒரு தட்டில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று யோசிக்கத் தேவையில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போகும்போது சாப்பாடு எப்படி என்று ராஜத்திடம் கேட்டேன். கண்களைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"என்ன சாப்பிட்டேன்னு கேட்டா சொல்லத் தெரியலங்க. ஆனா மக போட, உக்காந்து சாப்பிட்டேன்."

ஆளுக்கொரு வயிற்றைக் கொண்டு வருகிறவர்கள் அத்தனை பேரும் தங்கள் காலாலேயே நடந்து வீடு போய்ச் சேர்ந்தால், எங்கள் தொழிலில் அதுதான் பட்டம்; மேலங்கி மட்டும் யாரும் தருவதில்லை.