மான்-யுனின் ஆறாவது ஊர்

இடது கையால் இரண்டு முட்டையை ஒன்றாக உடைத்துக் கல்லில் ஊற்றினாள் மான்-யுன். அது வேகிற நேரத்துக்குள் வலது கையால் கைப்பேசியைத் தட்டி, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இன்று வெயில் எவ்வளவு என்று பார்த்துவிட்டாள். முப்பத்தைந்து. "ஐயய்யோ, மூஞ்சியில போட்ட க்ரீம் வழிஞ்சு கழுத்துக்கு வந்துடும்" என்றாள். முட்டைமேல் மெல்லிய ரொட்டியைப் போட்டுப் புரட்டி, சுருட்டி, ஏழு துண்டாக வெட்டித் தட்டில் வைத்து நீட்டினாள். "இந்தாங்க. சாஸ் தூக்கலா, மிளகாய் கம்மியா. அடிலெய்டு நமக்கு வேணாம்ணே."

தட்டை வாங்கியவர் பஸ் ஓட்டுகிற குவோ. அடிலெய்டு வேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை. ஆனால் அவரும் வருத்தமாகத் தலையை ஆட்டிக்கொண்டு மேசைக்குப் போனார்.

தைவானில், சியாயி ரயிலடிக்குப் பின்னால் இருக்கிற காலைச் சாப்பாட்டுக் கடை அது. விடிவதற்கு முன்னால் ஐந்தரைக்குத் திறந்து பதினொன்றுக்கு அடைத்துவிடுவார்கள். கடை அண்ணியுடையது, கல் மான்-யுனுடையது. பன்னிரண்டு வருடமாக அந்தக் கல்லை விட்டு அவள் நகர்ந்ததில்லை. முழங்கை வரைக்கும் பூப்போட்ட கையுறைத் துணி, நெற்றியில் ஒரு பட்டை, அதில் செருகின பென்சில். வருகிறவர்களின் பெயர் அவளுக்குத் தெரியாது, வயிறு தெரியும். "சர்க்கரை இல்லாத சோயா பால் வந்துட்டாரு", "ரெண்டு முள்ளங்கி அடை, இன்னைக்கு மருமகளோட வருது" என்று ஆளைப் பார்த்ததும் சொல்லுவாள். யாராவது பட்டியலைப் பார்த்து யோசித்தால் அவளுக்குப் பொறுக்காது. "நேத்து எண்ணெயில பொரிச்சது சாப்பிட்டீங்க. இன்னைக்கு முட்டை ரொட்டி, சூடா சோயா பால். உக்காருங்க." அவர்களும் உட்காருவார்கள். ஒருத்தரும் இதுவரை வேறு கேட்டதில்லை. ஆண்டவன் அவளுக்குக் கொடுத்த வரம் அது. இருநூறு பேருக்கு என்ன வேண்டும் என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவாள்.

தனக்கு எந்த ஊர் வேண்டும் என்பதற்குத்தான் மூன்று வருடமாக விடை வரவில்லை.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஒரு வருடம் ஆஸ்திரேலியாவுக்குப் போய் வேலையும் பார்த்து ஊரும் சுற்றி வருவது வழக்கம்தான். கட்டாயப் பட்டாளம் முடிந்தால் போவார்கள், முதலாளியோடு சண்டை வந்தால் போவார்கள், காதல் முறிந்தாலும் போவார்கள். மான்-யுனுக்கு இது எதுவும் நடக்கவில்லை. அவளுக்கு வெறுமனே போகவேண்டும் என்று இருந்தது. இந்த வருடம் பிறந்ததும், இனி நமக்கு வயது தாண்டிவிட்டதே என்று கொஞ்ச நாள் சும்மா இருந்தாள். எங்கள் ஆட்கள் பிறந்த அன்றே ஒரு வயது என்று வைத்து, வருடப் பிறப்புக்கு வருடப் பிறப்பு ஒன்று கூட்டிக்கொண்டே போவார்கள். அந்தக் கணக்கில் அவளுக்கு முப்பத்திரண்டு. வெள்ளைக்காரன் கணக்கில் முப்பதுதான் என்று யாரோ சொன்ன பிறகு, "சாமிக்கு முப்பத்திரண்டு, விசாவுக்கு முப்பது" என்று கடை முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் நாளை எண்ணிப் பார்த்தாள். அந்தக் கணக்குப்படியும் இன்னும் பதினேழு நாளில் முப்பத்தொன்று ஆகிவிடும். அதன் பிறகு விண்ணப்பம் போட முடியாது.

விண்ணப்பம் முழுவதும் எழுதி முடித்து கைப்பேசியில் கிடக்கிறது. அனுப்புகிற பொத்தானை அழுத்தவேண்டியது மட்டும்தான் பாக்கி. எந்த ஊரில் இருப்பாய் என்று அந்த விண்ணப்பம் அவளைக் கேட்கக்கூட இல்லை. ஆனால் ஊர் முடிவாகாமல் அவள் அதைத் தொடமாட்டாள். கடல் தாண்டிப் போகிறவள், போய்த் தங்குகிற ஊர் எது என்று கடலைக் காக்கிற மாட்சு அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும். ஊர் பெயரே சொல்லாமல் போனால் அந்தத் தாய் எங்கே என்று பின்னால் வருவாள்?

ஊர்களுக்காக ஒரு நோட்டு வைத்திருந்தாள். மாவு பட்டு அதன் ஓரமெல்லாம் மொறமொறவென்று ஆகிவிட்டது. மெல்போர்ன்: ஒரே நாளில் நாலு தடவை மழை, துணி காயாது. சிட்னி: வாடகை கொடுத்தால் சாப்பாடு கிடையாது, கூடத்தில் திரை கட்டிப் படுக்கவேண்டும். பெர்த்: காற்று, ஈ. பிரிஸ்பேனுக்கு மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். வெயில் நம் ஊர் மாதிரி, நம் ஆட்களும் ஏராளம். அதுதான் அவளுக்கு இடித்தது. "அங்க போயும் நம்மாளுங்களோடயே பேசிக்கிட்டிருந்தா இங்கிலீசு எப்ப வரும்? நம்மாளே இல்லாத ஊருன்னா, ஜுரம் வந்தா யாரு கஞ்சி வச்சுக் கொடுப்பா?"

"மூணு வருஷமா இதே பாட்டு" என்றாள் அண்ணி ச்சிங்-ரு, வெங்காயத்தாளை நறுக்கிக்கொண்டே. "உனக்குப் பாத்த மாப்பிள்ளைங்களைத் தட்டிக் கழிச்சப்பகூட இவ்வளவு நொட்டை சொல்லலடி நீ."

"மாப்பிள்ளைய நீங்க பாத்தீங்க அண்ணி. ஊரை நான்ல பாக்கணும்."

"பாரு பாரு, நல்லா பாரு. ஒண்ணாந்தேதிலேருந்து என் தங்கச்சி மக வேலைக்கு வர்றா. நீ போனாலும் வருவா, போகாட்டியும் வருவா. கடையில ஒரு கல்லுதான் இருக்கு, தெரியும்ல?"

அண்ணி கெட்டவள் இல்லை. இரண்டு வருடம் முன்னால் ஒரு தரம், போன வருடம் ஒரு தரம், இவள் போகிறேன் என்று சொன்னதை நம்பி ஆள் பார்த்து வைத்து, இவள் போகாததால் வந்தவர்களிடம் வேலை இல்லையென்று சொல்லி அனுப்பி, இரண்டு வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போயிற்று. இந்தத் தடவை சொந்தத் தங்கை. அவளோடும் பேச்சை முறித்துக்கொள்ள முடியாது.

ஓட்டு எடுக்கலாம் என்று யோசனை சொன்னவர் குவோதான். முட்டை அட்டையின் மூடியில் ஐந்து ஊரின் பெயரை எழுதிச் சுவரில் மாட்டினார்கள். சாப்பிட்டு முடித்தவர்கள் சாப்பாட்டுக் குச்சி வருகிற காகித உறையைத் தங்களுக்குப் பிடித்த ஊருக்குக் கீழே ஒட்டவேண்டும். நாலு நாள் நடந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கங்காரு எந்த ஊரில் அதிகம் என்று கேட்டுவிட்டு ஒட்டினார்கள். முடி வெட்டுகிற பெண், மெல்போர்னில்தான் சாயம் போடுகிற கடைகள் நல்லவை என்று அடித்துச் சொன்னாள். கடைசியில் பிரிஸ்பேன் ஜெயித்தது.

"இதுல நாலு உறை உங்களோடது அண்ணே" என்றாள் மான்-யுன்.

"நாலு நாளும் நான் சாப்பிட்டேனா இல்லையா? என் அக்கா மகன் அங்கதான் ஸ்ட்ராபெரி பறிக்கிறான். முதுகு வளைஞ்சுபோச்சு, ஆனா பய சந்தோஷமா இருக்கான்."

அவள் அந்த மூடியைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றாள். கல்லில் ஒரு ரொட்டி கருகியது. பன்னிரண்டு வருடத்தில் யாரும் பார்த்திராத காட்சி அது. "ஓட்டுப் போட்டவங்க ஒருத்தரும் என்கூட வரப்போறதில்ல" என்று சொல்லிக்கொண்டே கருகினதைச் சுரண்டி எடுத்தாள்.

அன்று கடை அடைத்த கையோடு, முகத்தைக் கழுவிக்கொண்டு சந்துக் கோயிலுக்குப் போனாள்.

சின்னக் கோயில். உள்ளே புகையில் கறுத்துப்போன முகத்தோடு மாட்சு அம்மா உட்கார்ந்திருப்பாள். கடல்மேல் போகிற பிள்ளைகளைக் கண் மூடாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. கோயிலைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்கொள்கிற கிம்-லுவான் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். நாற்பது தாண்டினவள். வாய் ஓயாது, விதையும் ஓயாது.

மான்-யுன் பத்தி கொளுத்திக் கும்பிட்டாள். பிறைபோல இருக்கிற இரண்டு மரக்கட்டைகளையும் எடுத்துக்கொண்டு மண்டியிட்டாள். ஒரு கட்டை தட்டைப் பக்கம், ஒன்று வளைந்த பக்கம் மேலே விழுந்தால் அம்மாவுக்குச் சம்மதம். இரண்டும் தட்டையாக விழுந்தால் பதில் தராமல் அம்மா சிரிக்கிறாள். இரண்டும் வளைந்து விழுந்தால் வேண்டாம் என்கிறாள். கடல் தாண்டுவது போன்ற பெரிய காரியத்துக்கு, விடாமல் மூன்று தடவை சம்மதம் வரவேண்டும். அப்போதுதான் உத்தரவு.

"தாயே, மெல்போர்னா பிரிஸ்பேனா?" என்று போட்டாள். இரண்டும் தட்டை. அம்மா சிரித்தாள்.

வாசலிலிருந்து கிம்-லுவானும் சிரித்தாள். "அடி கூறுகெட்டவளே, ரெண்டு ஊரை ஒண்ணா கேட்டா அவங்க எந்தப் பக்கம்டி தலையாட்டுவாங்க? ஒண்ணொண்ணா கேளு."

ஒவ்வொன்றாகக் கேட்டாள். மெல்போர்னுக்குச் சிரிப்பு. பிரிஸ்பேன் வேண்டாம். சிட்னிக்குச் சிரிப்பு. பெர்த்துக்கு ஒரு தடவை சம்மதம் வந்தது, அடுத்த தடவை சிரிப்பு. அடிலெய்டு வேண்டாம்.

"பொறந்த நாளைச் சொல்லித்தானே கேட்ட?"

"சொன்னேன்கா. அடையாள அட்டையில இருக்கிற தேதி."

கிம்-லுவான் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "சாமிகிட்ட எவடி அடையாள அட்டையைக் காட்டுவா? நிலாக் கணக்குத் தேதியைச் சொல்லணும். அந்தத் தேதியில பொறந்த மான்-யுன் எவன்னு அம்மா இவ்வளவு நேரமும் தேடிக்கிட்டு இருந்திருப்பாங்க, பாவம்."

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, நிலாக் கணக்குத் தேதி, சந்தின் பெயர், வீட்டு எண், மாடி எல்லாம் சொல்லி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடியும் அதேதான். சிரிப்பு, வேண்டாம், சிரிப்பு, சிரிப்பு, வேண்டாம். முழங்கால் சிவந்து போயிற்று.

"எனக்குப் பசிக்குது" என்றாள் கிம்-லுவான். "அஞ்சும் ஆச்சு. ஊரு தீர்ந்துச்சா, இன்னும் இருக்கா?"

மான்-யுன் கட்டைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "ஒண்ணு இருக்குக்கா. நோட்டுல எழுதல."

"ஏன்?"

"எழுதுறதுக்குக் காரணமே இல்ல. ஹோபார்ட்டுன்னு ஒரு ஊரு. எல்லா ஊருக்கும் கீழ, தனியா ஒரு தீவுல இருக்கு. வருஷப் பொறப்புக்கு மாவுக் கடைக்காரர் அண்ணிக்கு ஒரு பெட்டி செர்ரி பழம் கொடுப்பார்ல, அது அங்கேருந்து வருது. பெட்டி மேல படம் போட்டிருக்கும். ஒரு மலை, அதுக்குக் கீழ சின்னத் துறைமுகம். மூடியை வெட்டி என் அலமாரிக் கதவுக்குள்ள ஒட்டி வச்சிருக்கேன்." மூச்சு விடாமல் பேசினாள். "அங்க எனக்குத் தெரிஞ்சவங்க யாருமில்ல. குளிரு வேற. விடிகாலையில அஞ்சரைக்கு ஒரு கடைகூடத் திறக்காதாம். ஆனா அந்தப் படத்தைப் பாத்தா வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது."

"பண்ணுதுல்ல? அதை அம்மாகிட்ட சொல்லு. என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது, நானா கப்பல் விடுறேன்?"

அவள் திரும்பி மண்டியிட்டாள். இந்தத் தடவை உதடு மட்டும்தான் அசைந்தது, குரல் வெளியே வரவில்லை. போட்டாள். ஒன்று தட்டை, ஒன்று வளைவு. சம்மதம்.

இரண்டாவது தடவை போட்டாள். மறுபடியும் சம்மதம்.

வாசலில் விதை உடைகிற சத்தம் நின்றது. கிம்-லுவான் எழுந்து உள்ளே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது தடவைக்கு மான்-யுன் கட்டைகளை எடுத்தாள். கண்ணை மூடி, இரண்டு கட்டைகளையும் விட்டாள். ஒன்று அவள் முழங்காலுக்குப் பக்கத்திலேயே விழுந்தது, தட்டைப் பக்கம் மேலே. இன்னொன்று தரையில் தட்டித் துள்ளி, உருண்டு, பூசை மேசையிலிருந்து தரை வரைக்கும் தொங்குகிற சிவப்புத் துணிக்கு அடியில் போய் மறைந்தது.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அந்தத் துணியையே பார்த்தார்கள்.

"இரு, தூக்கிப் பாக்குறேன்" என்று கிம்-லுவான் குனிந்தாள். "எப்படிக் கிடக்குன்னு தெரியணும்ல. பாக்க முடியாம போச்சுன்னா திரும்பவும் போடணும், அதான் முறை."

அதற்குள் மான்-யுன் துணியைத் தூக்காமலே அதன் அடியில் கையை விட்டுவிட்டாள், முழங்கை வரைக்கும். கொதிக்கிற கல்லில் ரொட்டியின் எந்தப் பக்கம் வெந்தது என்று பார்க்காமலே சொல்லுகிற விரல்கள் அவை. கை உள்ளேயே இருந்தது. அவள் கண் மட்டும் நிமிர்ந்து, புகையில் கறுத்த அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்படிடி கிடக்கு?" என்றாள் கிம்-லுவான்.

மான்-யுன் கட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டாள். மூடின கையை வெளியே எடுத்தாள். தட்டையாகக் கிடந்த கட்டைக்குப் பக்கத்தில், வளைந்த பக்கம் மேலே தெரியும்படி, இரண்டு கையாலும் மெதுவாக அதை வைத்தாள்.