பெரியப்பாவைக் காணோம்

அக்கா ஒரு முறை முறைத்தால் போதும், உலகத்திலுள்ள அத்தனை கம்ப்யூட்டர்களும் எழுந்து நின்று, செய்த தப்போடு செய்யப்போகிற தப்பையும் சேர்த்து ஒப்புக்கொள்ளும். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் மட்டும் கொஞ்சம் கல்லுளிமங்கன்.

டயாலிசிஸுக்கு நேரம் ஒதுக்கும் மென்பொருளைப் பார்த்துக்கொள்வது அக்காவின் வேலை. யாராவது நேரத்தை மாற்றிக் கேட்டால், சில சமயம் பழைய நேரமும் போய், புது நேரமும் கிடைக்காமல், ஆளின் பெயரே காணாமல் போய்விடும். அங்கே வரும் தையல்காரம்மா ஒருவருக்கு இரண்டு முறை அப்படி ஆயிற்று. வீங்கிய காலோடு வந்தவரை மெஷின் காலியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு முறை தவறினால் உயிருக்கே ஆபத்து. அவரோ நாளைய நேரத்தை நாலு மணிக்கு மாற்றக் கேட்டிருந்தார்.

காணாமல் போனவர்களைத் தேடி, கிடைத்த நேரத்தில் செருகிவிடும் ஒரு ஒட்டு புரோகிராம் போதும் என்றார் மேனேஜர். அது தையல்காரம்மாவை விடிகாலையில் கூப்பிட்டாலும் கூப்பிடும் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள்.

"ஒழுகுற கூரைக்குக் கீழ பாத்திரம் வைக்கிற வேலை சார் இது. நாளைக்கு மதியம் வரைக்கும் விடுங்க, ஓட்டையையே அடைச்சுடறேன்."

மதியம் தாண்டினால் ஒட்டுதான் என்று அவர் முடித்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டில் ஒரு லேப்டாப்பில் அக்கா, இன்னொன்றில் தங்கை. சோதனைக்கென்று இருந்த மென்பொருள் பிரதியில் பொய் நோயாளிகளை நகர்த்திப் பார்த்தார்கள். தங்கை வைத்த பெயர்கள் பூராவும் உறவுக்காரர்கள். ஒருவரும் காணாமல் போகவில்லை. சலித்துப்போன தங்கை, அக்கா அத்தையை நகர்த்திய நேரத்துக்கே அதே நொடியில் பெரியப்பாவையும் வேண்டுமென்றே நகர்த்தினாள். அத்தை தப்பினாள். பெரியப்பாவைக் காணோம்.

அக்கா முதலில் முறைத்தாள், பிறகு நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். அந்த மென்பொருள் பழைய நேரத்தை அழித்துவிட்டுத்தான் புதியதையே கேட்கிறது. அதற்குள் வேறொருவர் முந்திக்கொண்டால் ஆள் நடுத்தெருவில். இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கிற புத்தி! அக்கா வரிசையைத் திருப்பிப் போட்டாள். புது இடம் உறுதியானால்தான் பழையதை விட வேண்டும்.

மறுநாள் மதியத்துக்கு முன் மேனேஜரே இரண்டு கவுண்டர்களில் ஆளை உட்காரவைத்து ஒரே நேரத்துக்கு மோதவிட்டுப் பார்த்தார். ஒரு பெயரும் காணாமல் போகவில்லை. ஒட்டு குப்பைக்குப் போனது. நாலு மணிக்குத் தையல்காரம்மா மெஷினோரம் படுத்தபடி, நர்ஸின் ஜாக்கெட் கை சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

வெற்றியோடு வீடு வந்த அக்கா நேரே சோபாவை நகர்த்தினாள். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து காணாத அவளுடைய போன் அதற்குப் பின்னால், சார்ஜரில் செருகியபடி இருந்தது. மேனேஜர் ஓயாமல் கூப்பிட்டிருந்தார்.

சும்மா விளையாட்டுக்கு ஒளித்ததாகச் சாதித்தாள் தங்கை. இதை எழுதுகிறவளும் அவள்தான்.

"விளையாட்டுக்கு ஒளிக்கிறவ சார்ஜ் போட்டா ஒளிப்பா? அந்த ஆள் என்னைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னுதானேடி?"