ஏழாம் மாதத்தில் ஒரு கச்சேரி

இந்த வளைகுடா நாட்டில், குதைபியாவில் எங்கள் தெருவுக்கு வந்து பியானோ டீச்சர் வீடு எது என்று கேட்டால், மளிகைக் கடைக்காரரே கஜந்தினியின் வீட்டைக் கைகாட்டுவார். யாழ்ப்பாணத்துக்காரி. ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்திடம் வாங்கிய பழைய பியானோ அவள் கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். என் மகள் ஆபிதாவும் அதில்தான் விரல் பழகினாள். மேடை என்று வந்தால் பிள்ளைகள் வாசிப்பார்கள், டீச்சர் பக்கத்தில் நிற்பாள். இத்தனை வருடத்தில் அவள் தனியாக ஒரு தடவைகூட மேடையில் வாசித்ததில்லை.

இந்த வருடம் தமிழ்ச் சங்க விழாவுக்குக் கிடைத்த மண்டபத்தில் பெரிய கச்சேரிப் பியானோ இருந்தது. கஜந்தினி தானும் வாசிப்பதாகப் பெயர் கொடுத்தாள். செயலாளர் யோகநாதன் அவள் வயிற்றைப் பார்த்தார்.

“தங்கச்சி, இது ஏழாம் மாசம். சனம் கண் வைக்கும். பிள்ளை பிறக்கட்டும், பிறகு பாப்பம்.”

“அண்ணை, நூற்றைம்பது வருசத்துக்கு முந்தியே ஐரோப்பாவிலை பொம்பிளையள் வயித்திலை பிள்ளையோடை மேடையேறி வாசிச்சவை. படிப்பிச்சும் குடுத்தவை.”

“அவை வெள்ளைக்காரர்.”

மனுஷன் பெயரை அடித்தே விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘பிறகு பார்ப்போம்’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று பிள்ளை பெற்ற எவளுக்கும் தெரியும்.

“இப்ப விட்டா இனி இல்லை, அக்கா” என்று என் சமையலறையில் நின்று அழுதாள் கஜந்தினி.

விழாவில் முதலில் ஆபிதா வாசித்தாள். எங்கள் வீடுகளில் இருப்பது கரண்டில் ஓடும் கீபோர்டு. நைட் டியூட்டி முடித்துத் தூங்கும் பக்கத்து பிளாட்காரர்கள் திட்டுவார்களே என்று சத்தத்தைக் குறைத்துவைத்து, தடவித் தடவிப் பழகிய பிள்ளைகள். பெரிய பியானோ தடவலுக்கு மசியுமா? மூன்றாவது வரிசைக்கே கேட்கவில்லை. ஜனங்கள் பிரியாணி எப்போது வரும் என்று பேச ஆரம்பித்தார்கள். யோகநாதன் சவுண்ட்காரரிடம் ஓடினார்.

“பாய், பியானோ வால்யூம் ஜாஸ்தி கரோ! ஜல்தி!”

“மாஃபி வால்யூம், சாப்!” கரண்டே இல்லாத பியானோவுக்கு வால்யூம் ஏது என்று அவர் கையை விரித்தார்.

ஆபிதாவின் உதடு பிதுங்கியது. கஜந்தினி விறுவிறுவென்று மேடையேறினாள். வயிறு இடிக்காதபடி இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள்.

“தடவக்கூடாது, செல்லம். தோளிலையிருந்து பாரம் இறங்கோணும். இஞ்சை பார்.”

முதல் தட்டிலேயே மண்டபத்துக்கே தூக்கிவாரிப் போட்டது. அவள் அதோடு நிறுத்தவில்லை. விழாவுக்கென்று பழகி வைத்திருந்ததை அப்படியே வாசிக்கத் தொடங்கினாள். பிரியாணிக்காரர்கள் வாயை மூடினார்கள். இப்படி ஒருத்தியையா டீச்சர் டீச்சர் என்று பக்கத்தில் நிற்க வைத்தோம்!

ஓரிடத்தில் இசை தணிந்து நின்றது. கைதட்டல் அடங்கவே இல்லை. யோகநாதன் முகமெல்லாம் சிரிப்பாக மைக்கோடு ஓடிவந்து, “அடுத்ததாக...” என்று ஆரம்பித்தார்.

கஜந்தினி திரும்பியே பார்க்கவில்லை. கைகள் கட்டைகளின் மேலேயே இருந்தன.

“அண்ணை, மைக்கை நிப்பாட்டுங்கோ. நான் இன்னும் முடிக்கேல்லை.”