இரண்டாவது அங்கம், இடது கால்: ஒரு பொன்னாடையோடு ஒஸ்லோ பாலேக்குப் போன கதை

சென்ற ஆண்டு பாலே பார்க்க ஒஸ்லோ போய்வந்ததைப் பற்றி இங்கே எழுதியபோது, பின்னூட்டத்தில் ஒருவர் “தமிழனுக்கு இது எதற்கு?” என்று கேட்டிருந்தார். இன்னொருவர், அரைகுறை உடுப்பைப் பார்க்க ஏழு மணி நேரம் ரயிலில் போக வேண்டுமா என்று எழுதிப் பக்கத்தில் சிரிக்கும் படம் ஒன்றும் போட்டிருந்தார். இருவரின் பெயரும் எனக்கு நினைவிருக்கிறது. இவர்களுக்கு நான் பதில் எழுதவில்லை. பயணத் தகவல் கேட்டு எழுதிய மற்ற ஐந்தாறு பேருக்காகவே இந்தப் பதிவு.

நான் பேர்கனில் ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். நான் வேலை பழக்கிய இரண்டு பேர் இன்று எனக்கு மேலதிகாரிகள். அவர்கள் விடுமுறைக்குத் தெற்கே வெயில் காயப் போவார்கள். நான் பதினேழு ஆண்டுகளாக, ஆண்டுக்கு நான்கைந்து தடவை, பாலே பார்க்க ஒஸ்லோவுக்குப் போகிறேன். இம்முறை போனது கடந்த மார்ச் மாதம், ஒரு ஆடற்கலைஞரின் கடைசிக் காட்சிக்காக. இந்த நாட்டில் பாலே ஆடுபவர்கள் நாற்பத்தொரு வயதில் ஓய்வூதியத்தோடு மேடையை விட்டு இறங்கிவிடலாம். நான் சொல்பவருக்கு அந்த வயது வந்துவிட்டது. அவர் பெயரை எழுதப்போவதில்லை. பின்வரிசையில் இருபது பேரில் ஒருவராக நின்ற காலத்திலிருந்து அவரைப் பார்த்துவருகிறேன். ஒரு தடவைகூடப் பேசியதில்லை.

பேசுவதற்கு என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. பதினொரு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு முதன்முதலாக முதன்மைப் பாத்திரம் கிடைத்தபோது, இரண்டாவது அங்கத்தில் அவர் விழுந்தார். சறுக்கியது இடது கால். பலகையில் உடம்பு விழுந்த சத்தம் இரண்டாம் பால்கனியில் இருந்த எனக்குக் கேட்டது. இசை நிற்கவில்லை. அவர் எழுந்து, தவறிப்போன இடத்திலிருந்து ஓடி இசையைப் பிடித்து, மிச்சத்தை ஆடி முடித்தார். அதற்கு முந்தைய நாள்தான், நான் ஒன்பது ஆண்டுகள் காத்திருந்த பதவி என் கையால் வேலை பழகியவனுக்குப் போயிருந்தது. உடனே இதில் பாடம் தேட வேண்டாம். எனக்கு அதனால் ஒரு தெம்பும் வரவில்லை. மறுநாளும் கோபமாகத்தான் வேலைக்குப் போனேன். ஆனால் அன்று நான் அங்கே இருந்தேன், பார்த்தேன் என்பதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். இது கடைசி வாய்ப்பு.

பேர்கனிலிருந்து காலை ரயில் எட்டு மணிக்குச் சற்று முன் புறப்படும். ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர், ஏழு மணி நேரம். முன்கூட்டியே எடுத்ததால் பயணச்சீட்டு 549 குரோணர். சன்னலோரம் எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். மலையுச்சியில் ஃபின்சே நிலையம் வந்ததும் பெட்டியில் உள்ள அத்தனை பேரும் பனியைப் படம் எடுக்க உங்கள் மடியில்தான் சாய்வார்கள். நான் நடைபாதைப் பக்கம் இருந்து, சொல்ல வேண்டிய வாக்கியத்தை நோர்வேஜிய மொழியில் மனத்துக்குள் திருத்திக்கொண்டிருந்தேன். மூன்று உட்பிரிவுகளோடு, இலக்கண சுத்தமாக, நல்ல வாக்கியம்.

ஒஸ்லோவில் விடுதி விலைக்குப் பயந்து ரொம்சோஸில் தங்கை வதனி வீட்டில் தங்குவேன். மத்திய நிலையத்திலிருந்து சுரங்க ரயிலில் இருபது நிமிடம். பாறையைக் குடைந்த நிலையத்திலிருந்து மேலே வந்தால் அடுக்குமாடிகள். நான் செய்த பிழை, எதற்காக வருகிறேன் என்பதைத் தொலைபேசியில் வதனியிடம் சொன்னது. அவள் அதைக் கணவர் குகனிடம் சொல்லிவிட்டாள். குகன் ஒரு தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். எந்த மனிதரைக் கண்டாலும் மேடையேற்றலாமா, மாலை போடலாமா என்று பார்க்கிற மனம் அவருக்கு.

சனிக்கிழமை மாலை நான் சப்பாத்தைக் கழற்றி உள்ளே காலடிகூட வைக்கவில்லை, அதற்குள் சோபாவில் சிவப்பும் சரிகையுமாக ஒன்று கண்ணில் பட்டது.

“இது என்ன?”

“பொன்னாடை, மச்சான்,” என்றார் குகன். “அவ ஓய்வு எடுக்கிறா எல்லே. சும்மா அனுப்பலாமோ?”

“ஆர் உமக்குச் சொன்னது அனுப்பச் சொல்லி?”

“ஆரும் சொல்லோணுமே? கலைஞர் எண்டால் கலைஞர்தான். கைதட்டு முடிய நான் மேடைக்கு ஏறிப் போர்த்துவன். ரெண்டு நிமிசம். அதிலை என்ன?”

பொங்கல் விழாவுக்கு வருவதாகச் சொல்லி வராமல் போன ஒரு பிரமுகருக்காக வாங்கிய பொன்னாடை அது. மடிப்புக்கூடக் கலையவில்லை.

“உது என்ன கண்டறியாத வேலை?” என்றேன். “அங்கை அப்பிடி ஒருத்தரும் ஏறேலாது. பிடிச்சு வெளியிலை விடுவாங்கள். நான் பதினேழு வருசமாப் போய் வாற இடம், விளங்குதோ?”

“பதினேழு வருசமாப் போறீர், உம்மை அங்கை ஒருத்தருக்கும் தெரியாது. நான் ஒருநாள் போறன், பாரும்.”

குசினியிலிருந்து வதனியின் குரல் வந்தது. “அண்ணை, அவர் சொன்னால் கேக்கமாட்டார். நீங்கள் சாப்பிடுங்கோ.”

இடியப்பமும் சொதியும் நன்றாக இருந்தன. கோபத்தில் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

காட்சி ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு. பிரியாவிடைக் காட்சியைப் பிற்பகலில் வைக்கலாம் என்று முடிவு செய்தவர் யாரென்று தெரியவில்லை. அரங்கம் நிறையக் குழந்தைகள். காட்சி நடக்கும் ஒபரா மண்டபம் மத்திய நிலையத்திலிருந்து நடை தூரம்தான். சரிவான வெள்ளைக் கூரையில் மக்கள் ஏறி நின்று கடலைப் பார்ப்பார்கள். மார்ச்சில் அது வழுக்கும், ஏறாதீர்கள். உள்ளே போனதும் மேல்கோட்டைக் காப்பறையில் கொடுத்துவிடுங்கள். குறைந்தது முக்கால் மணி நேரம் முன்னதாகப் போங்கள். கதவு சாத்தினால் இடைவேளை வரை திறக்க மாட்டார்கள். இந்த ஒரு விடயத்தில் இந்த நாட்டை நான் முழுமையாக ஆதரிக்கிறேன்.

என் இருக்கை வழக்கம்போல் இரண்டாம் பால்கனி இடது பக்கம். 395 குரோணர். மேடையின் இடது மூலை கொஞ்சம் மறையும். ஆனால் கால்களின் கோலம் மேலிருந்துதான் தெரியும். குகன் கீழே ஆறாவது வரிசையில், நடைபாதையோரம், என்னுடையதைவிட இரண்டு மடங்கு விலையில் ஓர் இருக்கை எடுத்திருந்தார். மேடைக்கு ஓட வசதியாக. விளக்கு அணையும்போது மேலிருந்து அவரைப் பார்த்தேன். மடியில் சரிகை மின்னியது.

முதல் அங்கம் முடியும்வரை நான் மேடையைப் பார்த்ததைவிட அந்தச் சரிகையைப் பார்த்ததுதான் அதிகம். பதினேழு ஆண்டுகளில் எனக்கு இப்படி நடந்ததில்லை.

இடைவேளையில் கீழே போனேன். குகன் கண்ணாடிச் சுவரோரம், கடலைப் பார்த்தபடி, வதனி வெள்ளித்தாளில் சுற்றிக் கொடுத்த இறைச்சி ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு நின்றார். மணம் மண்டபம் முழுவதும்.

“ஒண்டு தாறன், பிடியும். நல்லா ஆடுறா பிள்ளை. என்ன, கதையொண்டும் இல்லை.”

“கதை இருக்கு. நீர் நித்திரை.”

“கண்ணை மூடி இசை கேட்டனான்.”

அப்போதுதான் எனக்கு வாய் மீறியது. “உமக்கு அவவைப் பற்றி என்ன தெரியும்? அவ இந்த மேடையிலை விழுந்தவ, தெரியுமோ? ரெண்டாம் அங்கத்திலை, எல்லாருக்கும் முன்னாலை. எழும்பி ஆடி முடிச்சவ. அண்டைக்கு நான் இருந்தனான். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தனான். நீர் சால்வையைக் கொண்டு அதுக்குள்ளை நிண்டு படம் எடுக்கப் பாக்கிறீர்.”

குகன் மெல்லுவதை நிறுத்தினார். “இதை ஏன் முதலே சொல்லேல்லை?”

நான் படியேறினேன்.

மிச்ச இரண்டு அங்கங்களைப் பற்றி நீளமாக எழுத மாட்டேன். பார்த்தவர்களுக்குத் தெரியும். பாய்ச்சலின் உயரம் குறைந்திருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. கைகள் முன்பைவிட நிதானமாக இருந்தன. எனக்கு முன்னால் இருந்தவர் இசை முடிவதற்குள் கைதட்டத் தொடங்கினார். இப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு காட்சியிலும் ஒருவராவது இருப்பார்கள். திரை விழுந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். பூக்கள் மேடைக்குப் பறந்தன. சக ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு ரோஜாவோடு வந்தார்கள். கீழே குகன் எழுந்து நடைபாதையில் முன்னேறினார். வாயிற்பணியில் இருந்த வெள்ளைமுடிப் பெண்மணி அவர் முழங்கையைத் தொட்டு ஏதோ சொன்னார். குகன் பொன்னாடையை விரித்துக் காட்டினார். அந்தப் பெண்மணி துணியைத் தடவிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, அவரை இருக்கைக்குத் திருப்பினார். இவ்வளவையும் நான் மேலிருந்து பார்த்தேன். கைதட்டலுக்காகத் திரை இரண்டாவது முறை திறந்ததை அதில் தவறவிட்டேன். அது எனக்கு இனிக் கிடைக்காது.

கலைஞர்கள் வெளியேறும் வாசல் கட்டடத்தின் பின்பக்கம். கையெழுத்து வாங்க விரும்புபவர்கள் அங்கே நிற்கலாம், யாரும் விரட்ட மாட்டார்கள். வயதான பெண்கள் பலரும், தலைமுடியை இறுக்கிக் கொண்டை போட்ட சிறுமிகளும் நின்றார்கள். கடற்காற்று ஈரமாக அடித்தது. முக்கால் மணி நேரம் நின்றோம். வாக்கியத்தை இன்னொரு தடவை சரிபார்த்தேன்.

அவர் ஈரத் தலையில் கம்பளித் தொப்பியோடு, பூக்களைப் பெரிய பையில் அடைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அருகில் பார்த்தால் சிறிய உருவம். எங்கள் முறை வந்தபோது குகன் முந்திக்கொண்டு, தன் உரத்த நோர்வேஜிய மொழியில், எங்கள் வழக்கத்தில் பெரியவர்களை இப்படித்தான் மதிப்போம் என்று சொல்லிப் பொன்னாடையை விரித்தார். கலைஞர் உடனே முதுகைத் திருப்பி, இரண்டு கைகளையும் லேசாகப் பின்னுக்குக் கொண்டுவந்து நின்றார். உடுப்பு மாட்டுபவர்களுக்கு இருபது ஆண்டுகளாக அப்படித்தான் நின்றிருப்பார். சங்க மேடைகளில் முகத்துக்கு நேரே நின்று, ஒரு கண்ணைப் படப்பிடிப்பாளர் மேல் வைத்துப் போர்த்திப் பழகிய குகனுக்கு எதிரே ஒரு முதுகு. அன்று முழுவதும் அவர் வாயடைத்து நின்றது அந்த ஒரு கணம்தான். பிறகு ஒருவாறு தோளில் போட்டார். கலைஞர் திரும்பி, துணியை இழுத்துப் போர்த்துக்கொண்டு, “சூடாக இருக்கிறது,” என்றார்.

நான் வாயைத் திறந்தேன்.

“இவர் என் மச்சான்,” என்றார் குகன் அவரிடம். “பேர்கனிலிருந்து வருகிறவர். நீங்கள் மூன்றாவது அங்கத்தில் விழுந்த அன்றும் இருந்தவர்.”

சுற்றி நின்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். ஒரு சிறுமி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பனிக்குள் புதைந்துபோகலாம் என்று இருந்தது எனக்கு. பதினொரு ஆண்டுகளாக வைத்திருந்த ஒன்று, இறைச்சி ரோல்ஸ் மணக்கும் வாயிலிருந்து, பிழையாக வெளியே வந்து விழுந்துவிட்டது.

“இரண்டாவது அங்கம்,” என்றார் அவர், குகனைப் பார்த்து. பிறகு என் பக்கம் திரும்பினார். “அன்றைக்கு இதே வாசலில் எல்லோரும் ‘அருமை’ என்றார்கள். என் அம்மாகூட. விழுந்ததைப் பற்றி இன்றுவரை ஒருவரும் என்னிடம் பேசியதில்லை. நீங்கள் பார்த்தீர்களா?”

மூன்று உட்பிரிவுகளும் எங்கே போயின என்று தெரியவில்லை. “பார்த்தேன்,” என்றேன். “இடது கால். சத்தமும் கேட்டது.”

“எங்கே இருந்தீர்கள்?”

“இரண்டாம் பால்கனி.”

“அவ்வளவு தூரத்துக்கா?” என்று சிரித்தார். அதற்குள் பின்னால் நின்ற சிறுமி நிகழ்ச்சிநிரலை நீட்டிவிட்டாள். எங்கள் முறை முடிந்தது.

சுரங்க ரயிலில் குகன், “பாத்தீரோ, கதைக்க வைச்சனான்,” என்றார். வீட்டில் வதனி, “என்னண்ணை, கதைச்சனீங்களோ?” என்று கேட்டாள்.

“அவரைக் கேள். அவர்தான் கதைச்சவர்.”

திங்கட்கிழமை காலை ரயிலில் கைபேசியைத் திறந்தால் சங்கத்தின் பக்கத்தில் படம், வாசலில் யாரிடம் கொடுத்து எடுத்தாரோ. குகன், பொன்னாடை, அவர். ஓரத்தில் என் இடது முழங்கை. கீழே, “மூன்றாவது அங்கத்தில் விழுந்தும் எழுந்து ஆடிய நோர்வேக் கலைஞருக்குத் தமிழர் கௌரவம்.” பிழையைச் சுட்டி எழுதினேன். குகன் அதற்கு ஒரு கும்பிடு போட்டார், திருத்தவில்லை. மறுபடி எழுதினேன். மறுபடி கும்பிடு. இந்தப் பதிவு எழுதும்வரை மூன்றாவது அங்கம் என்றே இருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் விரும்பியிருக்கிறார்கள்.

போகத் திட்டமிடுபவர்களுக்கு: யார் ஆடுகிறார்கள் என்ற விவரம் சில வாரங்களுக்கு முன்தான் வரும், ரயில் சீட்டை அதற்குப் பிறகு எடுங்கள். எதற்குப் போகிறீர்கள் என்று உறவினர்களிடம் சொல்லாதீர்கள். அரங்கத்துக்குள் சாப்பாடு கொண்டுபோகாதீர்கள். பின்வாசலில் குளிரும், போர்த்துக்கொள்ள ஏதாவது எடுத்துப்போங்கள். முன்வரிசைக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். இரண்டாம் பால்கனி இடது பக்கம் போதும். மேடைச் சத்தம் அதுவரை வரும். இப்போது அது அவருக்கும் தெரியும்.