கிரேக்கப் பானையில் தீப்பந்தம் பிடித்த தாய்

சின்ன மகள் வதனிக்கு வருகிற மாதம் கலியாணம். பள்ளிக் காலத்தில் தான் பார்த்த கிரேக்கரின் கலியாணப் பானைகளை அதற்கு முதல் எனக்குக் காட்ட ஆசைப்பட்டாள். சென்ற செவ்வாய் காலை ஒன்பதரைக்கு மில்லிக்கனில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து வெளிக்கிட்டோம். ஸ்டீல்ஸ் பஸ், பிறகு ஃபின்ச்சில் சப்வே ரயில். நகரத்து அருங்காட்சியகத்துக்கு ஒன்றரை மணி நேரம். காரில் போயிருந்தால் பார்க்கிங் தேடியே களைத்திருப்போம்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் அந்தப் பானைகளைப் பார்க்கப் படிப்புத் தேவையில்லை. கறுப்புப் பானையில் செம்மண் நிறத்தில் ஒரு கலியாண ஊர்வலம். மாப்பிள்ளை பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறான். அங்கே வழிகாட்டியாக நின்ற தலை நரைத்த பெண்மணி ஆங்கிலத்தில் விளக்கம் சொல்ல, வதனி எனக்குத் தமிழில் சொன்னாள். பெண்ணை நீராட்டுவார்களாம். புகுந்த வீட்டில் அத்திப்பழமும் கொட்டைகளும் தலையில் சொரிவார்களாம். நாங்கள் அறுகம்புல்லும் அரிசியும் சேர்த்து அறுகரிசி போடுவது போலத்தான்.

பெண்ணுக்குப் பின்னால் ஒருத்தி தீப்பந்தத்தோடு நடக்கிறாள். யார் என்று கேட்டேன். பெண்ணின் தாயாம். தன் வீட்டு அடுப்பில் ஏற்றிய நெருப்பாம்.

நான் அந்தப் பானைக்கு இன்னும் கிட்டப் போனேன். மூத்தவளின் கலியாணத்தில், அஜின்கோர்ட் மண்டபத்தில், பெண்ணோடு கொண்டுவர என் கையிலிருந்த விளக்கை மச்சாள் பறித்தாள். என் கணவரின் தங்கை அவள். புருசன் இல்லாதவள் முன்னால் வரக்கூடாதாம். பதினாறு வருடமாகிறது, அன்று அவள் கட்டியிருந்த சேலையின் கரைகூட ஞாபகம் இருக்கிறது. வதனியின் கலியாணத்தில் பின்வரிசையில் இருப்பது என்று நானே முடிவெடுத்திருந்தேன்.

"பந்தம் பிடிச்ச உவவின்ரை புருசன் உயிரோடை இருந்தவரோ எண்டு கேள்" என்றேன்.

கேட்டாள். பெண்மணி பானையை உற்றுப் பார்த்தார். தெரியாது, பானையில் அப்படி ஒன்றும் இல்லை என்றார். அவ்வளவு ஆங்கிலம் எனக்கும் விளங்கும்.

"அங்கை ஒருதரும் கேக்கேல்லையாம், அம்மா" என்றாள் வதனி. "என்ரை விளக்கை நீங்கள்தான் கொண்டுவாறியள்."

"விளக்குப் பறிச்ச மாமி பேசுவாவடி."

"பேசட்டும். நீங்கள் வராட்டி நானும் மணவறைக்கு வரமாட்டன்."

போக நினைப்பவர்கள் வார நாளில், காலையிலேயே போங்கள். தட்டைச் செருப்பு போடுங்கள். அந்த நரைத்த பெண்மணி நின்றால் தயங்காமல் கேளுங்கள்; தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் மனுசி. அவருக்கும், என்னைக் கூட்டிப்போன பிள்ளைக்கும், பெயர் தெரியாத அந்தத் தாய்க்கும் நான் நன்றி உடையவள்.

மச்சாளுக்கும் கலியாணக் கார்ட் அனுப்பிவிட்டேன். முன்வரிசையில், நடைபாதை ஓரக் கதிரை அவளுக்கு. விளக்கு அந்தப் பக்கத்தால்தான் வரும்.