நாங்கள் டெல்லி போன கோடை

பல்கலைக்கழக வேலை என்றால் ராஜ வாழ்க்கை என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. சிதம்பரத்தில் அப்பாவுக்கு அப்படியொரு வேலை இருந்தது. அலுவலகத்தில் உதவியாளர். வாடகை குறைந்த குவார்ட்டர்ஸ், காய்ச்சல் வந்தால் இலவச மருந்து, இதெல்லாம் போக, சில வருடங்களுக்கு ஒருமுறை குடும்பத்தோடு வெளியூர் போய்வர டிக்கெட் செலவும் தருவார்கள். அந்தச் சலுகையில்தான் டெல்லி போகப்போகிறோம் என்று, நான் நான்காம் வகுப்பு முடிக்கிற சமயத்தில் அப்பா அறிவித்தார்.

வகுப்பில் ஒருத்தி விடாமல் எல்லோரிடமும் சொன்னேன். அம்மா என்னைவிட மோசம். கல்யாணத்துக்கு முன்பு திருப்பாதிரிப்புலியூர், பிறகு சிதம்பரம், அவ்வளவுதான் அவள் பார்த்த பட்டணம். தரைக்கு அடியில் ஓடுகிற ரயிலில் ஏறியே தீர வேண்டும் என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சுடிதார் வாங்கினாள். கருநீலம். "டெல்லியில எவ நம்மள பாக்கப் போறா?" என்று கண்ணாடி முன் நின்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

கிளம்பிய காலையில் அப்பா குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேட்கும்படி, "டெல்லியில வெயில் ஜாஸ்தியாம், குடை எடுத்தாச்சா?" என்று கத்தினார். ஆட்டோ, ஸ்டேஷன், விழுப்புரம் பாசஞ்சர். ஜன்னலோரம் எனக்கு. கடலூர் தாண்டியது. அடுத்து விழுப்புரம், பிறகு சென்னை, அங்கே பெரிய ரயில் என்று மனதுக்குள் போய்க்கொண்டிருந்தேன். நெல்லிக்குப்பத்தில் வண்டி நின்றதும் அப்பா பெட்டியை இறக்கினார்.

"இங்க எதுக்குப்பா?"

"அத்தை வீட்டுல ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்."

அம்மா எழுந்திருக்கவில்லை. "என்னங்க இது?" என்றாள். அப்பா குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார். வண்டி கிளம்பப் போகிறது. அம்மா இறங்கினாள். அவள் முகத்தை அப்படி நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அத்தைக்கு முன்பே தெரிந்திருந்தது. வாசலிலேயே, "வாங்கண்ணி, சுடிதாரு சூப்பரா இருக்குது" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமா சர்க்கரை ஆலையில் வேலை பார்ப்பவர். புளித்த கரும்புப்பாகு நாற்றம் ஊரெல்லாம் அடித்தது. "எப்படி மச்சான், எங்க டெல்லி மணக்குதா?" என்றார். அம்மா நேராக உள்ளே போய்ப் புடவைக்கு மாறினாள்.

விஷயம் இதுதான். ஒரு டிராவல்ஸ்காரரிடம் சொல்லிவைத்து, போகாத ஊருக்குப் போனதாக டிக்கெட் காட்டி, செலவுப் பணத்தை அப்பா வாங்கிக்கொள்வார். டெல்லி போய்வர ஆகிற நாள் கழியும்வரை நாங்கள் யார் கண்ணிலும் படக்கூடாது. தெருவில் விளையாடக்கூட என்னை விடவில்லை. மாலையானால் பாடம் நடக்கும். செங்கோட்டை சிவப்பு, குதுப்மினார் ரொம்ப உயரம், அப்படியே ஆக்ரா போய்ப் பார்த்த தாஜ்மஹால் வெள்ளை. "சொல்லு பாப்பா" என்பார் அப்பா. நான் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வேன்.

அம்மா ஒரே ஒரு தடவைதான் அவரிடம் பேசினாள்.

"அந்தப் பணம் உங்க ஒருத்தருக்கா குடுக்குறாங்க? எங்க பேரையும் சேத்துத்தான எழுதிக் குடுத்தீங்க?"

"டெல்லி எங்க ஓடிடப் போவுது?" என்றார் அப்பா.

பணம் எதற்குப் போனது என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஊர் திரும்பிய மாலை, பக்கத்து வீட்டு சூப்பிரண்டு அங்கிள் அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அப்பாவின் மேலதிகாரி. அவர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் வரும்.

"என்ன பாப்பா, டெல்லி எப்படி இருந்துச்சு?"

அப்பா என் தோளை அழுத்தினார். அந்த அழுத்தத்தில்தான் எனக்கு எல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

"நாங்க டெல்லிக்கே போவல. நெல்லிக்குப்பத்துல அத்த வீட்டுல இருந்தோம்."

அப்பாவின் கை என் தோளிலிருந்து நழுவியது. அவருக்கு வேலை போய்விடுமோ என்று எனக்கே பயமாகிவிட்டது. அங்கிள் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நெல்லிக்குப்பமா? பரவால்லய்யா! போன வருசம் நாங்க காஷ்மீர் போனோம்ல, பண்ருட்டியில என் தம்பி வீட்டுல பலாப்பழம் தின்னுட்டு வந்தோம்!"

அப்பாவுக்கு உயிர் திரும்பி வந்தது. அவரும் சிரித்தார். ஒருவர் நிறுத்தினால் மற்றவர் ஆரம்பித்தார்.

அங்கிளுக்குப் பின்னால் கதவோரம் ஆன்ட்டி நின்றிருந்தார். எங்கள் வாசலில் அம்மா. இருவரும் சிரிக்கவில்லை. ஒருவரையொருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டார்கள். அங்கிள் வெளியே நிற்கும்போதே ஆன்ட்டி கதவைச் சாத்தினார். அம்மாவும் என்னை உள்ளே இழுத்துப்போட்டுத் தாழ்ப்பாள் போட்டாள்.

உண்மையைப் போட்டு உடைத்ததற்கு அடி விழும் என்று முதுகைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். விழவில்லை. வெளியே அப்பா தட்டிக்கொண்டே இருந்தார். அம்மா கதவில் சாய்ந்து, திறக்காமல், என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய கோபமெல்லாம் என் மேல்தான் என்று நினைத்து நான் அழ ஆரம்பித்தேன்.